ஈரமான பிரஷ்

என் மகள் காலையில் பல் விளக்கிவிட்டாளா என்று தெரிந்துகொள்ள நான் அவள் பிரஷைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் சரி. காய்ந்திருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது. பிரஷ் ஒரு நாளும் காய்ந்திருந்ததில்லை. எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

இது ரப்பர் தோட்டத்தில் வந்த பழக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் ஒரு வருஷம் உட்கார்ந்தேன். மலாய் மண்டையில் ஏறவில்லை. விட்டுவிட்டுப் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எல்லா மரத்தையும் பார்க்க மாட்டார். கடைசி வரிசைக்குப் போய் நாலு மரத்தில் வெட்டுக்கோட்டைத் தொட்டுப் பார்ப்பார். விரலில் பால் ஒட்டினால் அன்றைக்கு வெட்டியாச்சு. ஆளிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நானும் அதையே வீட்டில் செய்தேன்.

எனக்கு நாற்பதைத் தாண்டித்தான் கல்யாணம். ஒரே பிள்ளை. வீட்டுக்காரி கையுறை செய்யும் ஃபேக்டரியில் வேலை. ஆறு மணிக்கு முன்னால் ஃபேக்டரி பஸ் வந்துவிடும். அதனால் காலை முழுக்க என் பொறுப்பு. எழுப்புவது, குளிக்க வைப்பது, இரட்டைச் சடை போடுவது, ஈப்போவில் பள்ளி வாசலில் இறக்கிவிடுவது. நான் போடும் சடை ஒன்று மேலே இருக்கும், ஒன்று கீழே இருக்கும். டீச்சர் அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிடுவார் என்று கேள்வி. அதன் பிறகு சிம்பாங் பூலாய் கல்குவாரிக்குப் போய்க் கல் ஏற்றும் லோரி எடுப்பேன்.

ஒரு நாள் மகள் பள்ளியில் வாய் கொப்பளிக்கும் பிளாஸ்டிக் மங்குக் குவளையை வீட்டில் விட்டுவிட்டாள். அதைக் கொடுக்கப் பள்ளிக்குள் போனேன். வகுப்புக்கு முன்னால் ஓடும் லோங்காங் சாக்கடை ஓரத்தில் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு மங்கு, ஒரு பிரஷ். டீச்சர் ஒன்று, இரண்டு என்று எண்ண, எல்லாரும் சேர்ந்து தேய்த்தார்கள். சாக்கடை முழுக்க நுரை. என் மகளும் வாய் நிறைய நுரையோடு பக்கத்துப் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தாள். நன்றாக விளக்குகிறாள் என்று நினைத்தேன். நுரையைத்தான் பார்த்தேன். பிரஷ் எந்தப் பல்லில் ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

அந்த வருஷம் பள்ளியிலிருந்து ஒரு பாரம், அனுமதிப் படிவம், வந்தது. அரசாங்கத்துப் பல் மிஸ்ஸிகள், பல் பார்க்கும் நர்ஸுகள், பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பார்கள், அப்பா அம்மா கையெழுத்துப் போட வேண்டும். மகள் சொல்லித்தான் அது தெரியும். பாரம் முழுக்க மலாய். நான் மெதுவாகப் படித்துப் பார்த்தேன். நீளநீளமான வார்த்தைகள். எனக்கு நன்றாகப் புரிந்தது ஒரே வார்த்தை. சாபுட். பிடுங்குவது.

அந்த ஒரு வார்த்தை போதும். எனக்கு ஒன்பது வயதில் பல் வலி வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் என்னை ஒரு மரப்பெட்டி மேல் உட்கார வைத்தார். அப்பா என் தலையைப் பிடித்துக்கொண்டார். மருந்து போட்ட ஞாபகம் இல்லை. இடுக்கி ஞாபகம் இருக்கிறது. அடுத்த சில வருஷத்தில் கீழ் வரிசைக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் அப்படித்தான் போயின. நான் இன்றைக்கும் முன்பல்லால்தான் மெல்லுகிறேன்.

பாரத்தை மடித்து லோரியில் தலைக்கு மேல் இருக்கும் வெயில் மறைப்பில் செருகினேன். வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. மிஸ்ஸிகள் வந்தார்கள், போனார்கள். பாரம் கொடுத்த பிள்ளைகளைப் பார்த்தார்கள். என் மகளைப் பார்க்கவில்லை. தப்பித்தாள் என்று நினைத்தேன்.

நாலைந்து மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாய் வாங்கி வந்தேன். மகள் சாப்பிடுவதைப் பார்த்தேன். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, நாக்கால் இடது பக்கம் தள்ளினாள். அடுத்த துண்டும் இடது பக்கம். அதற்கு அடுத்ததும். வேறு யார் பார்த்தாலும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கமாக மெல்லுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"வாயத் தொற."

"ஏம்பா?"

"தொற."

லோரிக்கு எடுத்துப்போகும் டார்ச்சை எடுத்து வந்து அடித்துப் பார்த்தேன். வலது பக்கம், கீழே, கடைசிப் பல்லில் கருப்பாக ஒரு புள்ளி. அதன் நடுவில் குழி.

வீட்டுக்காரியும் வந்து குனிந்து பார்த்தாள். "பால் பல்லுதானே. விழுந்துரும். எட்டு வயசுதானே ஆகுது."

"வலிக்குதா?" என்றேன்.

"இனிப்பு தின்னாதான்," என்றாள் மகள். "அதனால அந்தப் பக்கம் திங்க மாட்டேன்."

மறுநாள் லீவு போட்டு ஈப்போவில் இருக்கும் அரசாங்கப் பல் கிளினிக்கிற்குக் கூட்டிப் போனேன். மிஸ்ஸி தமிழ்ப் பெண். தைப்பிங் ஊர்க்காரி. என்னைவிட இருபது வயது குறைவாக இருக்கும். மகளைச் சாய்நாற்காலியில் படுக்க வைத்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"அண்ணே, அங்க ஏன் நிக்கிறீங்க? கிட்ட வாங்க. நாற்காலி உங்களுக்கு இல்ல, பயப்படாதீங்க."

போனேன்.

"பால் பல்லுதானே மிஸ்ஸி? விழுந்துரும்லா?"

"இதுவா? இது ஆறு வயசுல வந்த பல்லு அண்ணே. எந்தப் பல்லும் விழாம, பின்னால எடம் புடிச்சு மொளச்சிரும். பல்லு விழாததால யாருக்கும் தெரியறதில்ல. எல்லாரும் பால் பல்லுன்னு விட்டுடுறாங்க. இது போச்சுன்னா வேற வராது. பாப்பா கெழவி ஆகுற வரைக்கும் இதுலதான் மெல்லணும்."

"நான் கெழவி ஆக மாட்டேன்," என்றாள் மகள், வாயைத் திறந்தபடியே.

"சரி, ஆகாத. பல்ல மட்டும் வச்சிக்கோ."

பிறகு மிஸ்ஸி ஒரு சிவப்பு மாத்திரையைக் கொடுத்து மெல்லச் சொன்னாள். அழுக்குப் படிந்த இடத்தில் அந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளுமாம். மகள் மென்று, துப்பி, கண்ணாடியில் பார்த்தாள். முன்பல் வெள்ளை. பின்னால் முழுக்கச் சிவப்பு. வெற்றிலை போட்டவள் மாதிரி இருந்தாள்.

"பாப்பா, தெனமும் பல்லு வெளக்குறியா?"

"வெளக்குறேன்."

"செவப்பு வேற மாதிரி சொல்லுதே."

மகள் என்னைப் பார்த்தாள். மிஸ்ஸியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

"அப்பா பிரஷத்தான் தொட்டுப் பாப்பாரு. பைப்புல நனைச்சு வச்சிருவேன்."

"ஒரு நாளும் வெளக்குனதே இல்லையா?"

"சனி ஞாயிறு வெளக்குவேன். அம்மா வாயத் தொறக்கச் சொல்லும்."

மிஸ்ஸி முகமூடி போட்டிருந்தாள். ஆனால் தோள் குலுங்கியது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினாறு வயதில் ஒரு மழைக்காலத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். கடைசி வரிசையில் இருபது மரத்தை வெட்டாமல் விட்டுவிட்டு, வேறு மரத்துப் பாலை விரலில் தொட்டுப் பழைய கோட்டில் தடவினேன். மண்டோர் தொட்டுப் பார்த்தார். சரி என்று போய்விட்டார். அவருக்குக் கடைசி வரை தெரியாது. என் மகளை ஒரு மாத்திரை பிடித்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மிஸ்ஸி என்னிடம் திரும்பினாள். "ஸ்கூலுக்கு எங்க ஆளுங்க வந்தாங்களே. பாரம் வரலையா?"

"வந்துச்சு."

"கையெழுத்து?"

"போடல."

"ஏண்ணே?"

"புடுங்கிருவீங்கன்னு நெனச்சேன்."

அவள் என் வாயைப் பார்த்தாள். கடைவாய்ப் பற்கள் எப்படிப் போயின என்று கேட்கவில்லை. "அப்பவே பாத்திருந்தா சின்னக் குழி. அஞ்சு நிமிஷ வேல," என்றாள். "இப்ப ஆழமா போயிருச்சு. நரம்பத் தொட்டுச்சான்னு சரியா சொல்ல முடியல."

டாக்டரையும் கூட்டி வந்து காட்டினாள். இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். அழுகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடுவது. ஆறு வாரம் பார்ப்பது. அதுவரை பல் சும்மா இருந்தால் நல்லபடியாக அடைக்கலாம். தானாக வலி எடுத்தாலோ, ஈறு வீங்கினாலோ, உடனே கொண்டு வர வேண்டும். அப்படி வந்தால் பிடுங்கும்படி ஆகலாம்.

பிடுங்குவார்கள் என்று பயந்துதான் பாரத்தை ஒளித்தேன். ஒளித்ததால்தான் பிடுங்கும் அளவுக்கு வந்து நிற்கிறது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"எட்டு வயசுக்குக் கை பத்தாதுண்ணே," என்றாள் மிஸ்ஸி. "பின்பல்லுக்கு எட்டாது, எட்டுனாலும் அழுந்தாது. அவ வெளக்கட்டும். அப்புறம் நீங்க ஒரு தடவ வெளக்கி விடுங்க. காலையில ஒண்ணு, படுக்க முன்ன ஒண்ணு. இந்த ஆறு வாரம் ஒரு நாளும் விடாதீங்க."

எப்படி என்று காட்டினாள். பிள்ளைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவள் தலையை என் நெஞ்சில் சாய்த்துக்கொள்ள வேண்டும். பற்பசை ஒரு பட்டாணி அளவு. பிரஷைப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். கடைசிப் பல்லுக்குப் போகும்போது வாயைப் பாதி மூடச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கன்னம் இடம் கொடுக்கும். முடிந்ததும் துப்பலாம், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கக் கூடாது. பசையில் இருக்கும் மருந்து பல்லில் இருக்கட்டும் என்றாள். எனக்கு அது புதிது. நான் அரை வாளி தண்ணீர் இல்லாமல் பல் விளக்கியதே இல்லை.

வரும் வழியில் சிம்பாங் பூலாயில் நிற்கும் லோரியிலிருந்து பாரத்தை எடுத்து வந்து வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவள் என்னைவிட நாலு வகுப்பு கூடப் படித்தவள். நின்றபடியே படித்தாள்.

"பாக்குறது, கழுவுறது, அடைக்கிறது. எல்லாம் இதுல இருக்கு."

"புடுங்குறதும் இருக்குல்ல."

"இருக்கு. கடைசில. வேற வழி இல்லன்னா." பாரத்தை மடித்தாள். "தெரியலன்னா எங்கிட்டக் கேக்குறதுக்கு என்னா?"

சாப்பாடு போட்டாள். அன்றைக்குக் குழம்பில் எனக்குப் பிடித்த மீன் தலை இல்லை. மகள் தட்டில் இருந்தது.

முதல் நாள் நான் விளக்கிவிட்டதும் மகள் அழுதாள். ஈறில் ரத்தம்.

"அப்பா, இது பல்லுலா. கல்லு இல்ல."

கையைப் பார்த்தேன். முப்பது வருஷமாக ஸ்டியரிங், ஸ்பேனர், கல். பிரஷை முழு முஷ்டியில் பிடித்திருந்தேன். மறுநாள் வேறு மாதிரி யோசித்தேன். மரம் வெட்டும்போது கத்தி பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மரத்தில் பட்டுக் காயமாகிவிடும், பிறகு அந்த இடத்தில் பால் வராது. அதற்குத் தோள் வேண்டாம். மணிக்கட்டு போதும். பிரஷை மூன்று விரலில் பிடித்துக்கொண்டேன். கையை இறுக்காமல் மணிக்கட்டை மட்டும் அசைத்தேன்.

"வலிக்குதா?"

வாய் நிறைய நுரை. தலையை ஆட்டினாள், இல்லை என்று. துப்பிவிட்டுச் சொன்னாள், "இப்ப ஓக்கேலா."

அப்படியே நாள் போனது. காலையில் குசினித் தொட்டிக்கு முன்னால் ஒரு தடவை. இரவில் படுக்கும் முன் ஒரு தடவை. படுக்கும்போது குடிக்கும் டின்பால் கலக்கியதை நிறுத்தினோம். அதற்கு இரண்டு நாள் சண்டை.

"தண்ணிதான் இருக்கு," என்றாள் அவள் அம்மா.

"தண்ணி மீனுக்கு."

"அப்ப நீ மீனு. குடி."

காலை வேலைக்குப் பத்து நிமிஷம் பிந்தினேன். கல்லுமலைக்குப் பக்கத்தில் எங்கள் லோரிக்காரர்கள் தேத்தண்ணி குடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. என்னோடு லோரி ஓட்டும் கூட்டாளி அங்கே எனக்காகக் காத்திருந்து கேலி செய்வான்.

"என்னா மச்சான், பல்லு டாக்டர் வேல முடிஞ்சிதா?"

"முடிஞ்சிச்சு."

"எனக்கும் ஒரு நாள் வெளக்கி வுடேன்."

"ஒனக்கு லோரி டயர் கழுவுற பிரஷ் வேணும். கொண்டு வாரேன்."

சிரித்தான். ஆனால் இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்து கேட்டான். "அந்த ஆறு வயசுப் பல்லு, எண்ணுறது எப்படி மச்சான்? முன்னாலேருந்தா, பின்னாலேருந்தா?" அவனுக்கும் ஏழு வயதில் பிள்ளை இருக்கிறது. முன்னால் நடுவிலிருந்து எண்ணு, ஆறாவது பல் என்றேன். மிஸ்ஸி எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டிருப்பாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். போச்சு என்று நினைத்தேன். கடையிலிருந்து கிளினிக் எவ்வளவு தூரம், எந்த ரோட்டில் ஜாம் இருக்காது என்று அதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

"பல்லா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பின்ன?"

"நாக்கக் கடிச்சிட்டேன்."

நான் மிச்ச ஐஸைச் சாப்பிட்டு முடித்தேன். அவள் தன்னுடையது என்று கத்தினாள்.

இன்னொரு நாள் துப்பிவிட்டுத் திரும்பி நின்றாள். "அப்பா, இப்ப நீங்க தொறங்க."

"எனக்கு எதுக்கு?"

"எனக்கு மட்டும் எதுக்கு?"

தொட்டி ஓரத்தில் குனிந்து வாயைத் திறந்தேன். லோரி டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாக எண்ணினாள். நடுவில் இரண்டு தடவை குழம்பி முதலிலிருந்து எண்ணினாள்.

"பின்னால பல்லு எங்கப்பா?"

"புடுங்கிட்டாங்க."

"அடைக்கலையா?"

"எங்க தோட்டத்துல அடைக்கல."

கொஞ்ச நேரம் டார்ச்சை அணைக்காமல் பார்த்தாள். "அதான் நீங்க மொயல் மாதிரி திங்கிறீங்களா?"

"ஆமா."

"இருக்குறத நல்லா வெளக்குங்க," என்று சொல்லி டார்ச்சை அணைத்தாள். அன்றையிலிருந்து என் பிரஷையும் பார்க்கிறாள். தொட்டுப் பார்ப்பதில்லை. வாயைத் திறக்கச் சொல்கிறாள். அவளுக்கு அந்த வழியெல்லாம் தெரியும்.

ஆறு வாரம் முடிந்தது. திரும்பக் கிளினிக். இந்தத் தடவை நான் கதவோரம் நிற்கவில்லை. நேராகப் போய் நாற்காலி பக்கத்தில் நின்றேன். மிஸ்ஸி கம்பியின் பின்பக்கத்தால் பல்லை மெல்லத் தட்டினாள். குளிர்ந்த ஏதோ ஒன்றைப் பஞ்சில் எடுத்து வைத்தாள்.

"வலிக்குதா?"

"சில்லுன்னு இருக்கு."

"எடுத்த பொறகும் வலிக்குதா?"

"இல்ல."

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வந்து படத்தைப் பார்த்தார். என்னிடம் மலாயில் சொன்னார். பேச்சு மலாய் எனக்குப் புரியும். பல் நிற்கும், அடைத்துவிடலாம் என்றார். நான் தலையை ஆட்டினேன். மிஸ்ஸி மறுபடி சிவப்பு மாத்திரை கொடுத்தாள். மகள் மென்று துப்பிக் கண்ணாடியில் பார்த்தாள். மேல் வரிசையில் ஓரமாகக் கொஞ்சம் சிவப்பு. மற்றதெல்லாம் வெள்ளை.

"யாரு வெளக்கி விட்டா?" என்றாள் மிஸ்ஸி.

"நானும் அப்பாவும்."

"அந்த ஓரத்துல யாரு விட்டது?"

"அது அப்பா."

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மேல வலது பக்கம்."

"சரி மிஸ்ஸி," என்றேன்.

அடைத்து முடித்து, "ஒரு மணி நேரம் எதையும் மெல்லக் கூடாது," என்று அனுப்பினாள். போகும்போது எனக்கும் ஒரு தேதி எழுதித் தாளைக் கையில் கொடுத்தாள். பார்க்கத்தான், பிடுங்க இல்லை என்றாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். லோரியில் செருகவில்லை.

வெளியே வந்ததும் மகள் பசிக்கிறது என்றாள். கிளினிக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் ரொட்டிக் கடையில் உட்கார்ந்தோம். மணி பத்தரை. பதினொன்றரை வரை பொறுக்க வேண்டும். எனக்குப் பால் இல்லாத தே ஓ சொன்னேன். அவளுக்கு வெறும் தண்ணீர்.

"மணி என்னாப்பா?"

"பத்து முப்பத்தஞ்சு."

ரொட்டி போடுகிறவர் மாவைத் தூக்கி வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப?"

"பத்து முப்பத்தேழு."

இப்படியே போனது. பக்கத்து மேசைக்காரர் பிள்ளைக்கு ஏன் ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை என்று என்னை முறைத்தார். மகள் அவரிடம் வாயைத் திறந்து காட்டினாள். அவர் திரும்பிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ரொட்டி சானாய் வந்தது. பருப்பும் வந்தது. மகள் ஒரு துண்டு பிய்த்தாள். பருப்பில் தோய்த்து வாயில் போட்டாள். வழக்கப்படி நாக்கு அதை இடது பக்கம் தள்ளியது. பிறகு நின்றாள். யோசித்தாள். துண்டை வலது பக்கம் மாற்றினாள்.

மெதுவாக ஒரு கடி. என்னைப் பார்த்தாள். இன்னொரு கடி.

"என்னா?" என்றேன்.

அவள் வாய் நிறைய ரொட்டி. இரண்டு பக்கமும் மென்றுகொண்டிருந்தாள்.

நானும் ஒரு ரொட்டி சொன்னேன்.